ஏலும்தானே என்று கேட்ட குளிர்காலம்

நான் செய்த பிழை தமிழில் செய்த பிழை. ஜேர்மன் மொழியில் அதையே செய்திருப்பேன் என்று தோன்றவில்லை. ஆகவே, நீங்கள் ஐந்து பேரும் ஜேர்மன் மொழியைத்தான் வேகமாக வாசிப்பீர்கள் என்று தெரிந்தும், இதைத் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டுங்கள்.

பயிற்றுநர் உரிமம் எடுத்த கையோடு நீங்கள் என்னிடம் கேட்டவை என் குளிர்காலக் கொப்பிகள். இருபத்திரண்டு குளிர்காலம், இருபத்திரண்டு கொப்பி. நவம்பர் முதல் வாரத்தில் திறந்து மார்ச் கடைசியில் மூடுவேன். ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட ஆறு நிரல்கள்: திகதி, வெப்பநிலை, காற்று, தரை, ஓடிய தூரமும் நேரமும், ஓடியவரின் நிலை. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிரல்களையும் நம்பலாம். வெப்பநிலையை நான் கைத்தொலைபேசியில் பார்த்து எழுதியதில்லை. ஓடுபாதையின் ஓரத்தில், முழங்கால் உயரத்தில் வெப்பமானியைப் பிடித்து, மூன்று நிமிடம் காத்திருந்து எழுதினேன். ஆறாவது நிரலை மட்டும், பன்னிரண்டாவது கொப்பியின் பெப்ரவரிக் கடைசி வரை, நம்பாதீர்கள். அங்கே எழுதியிருப்பது ஓடியவர்களின் நிலை அல்ல. நான் கேட்க விரும்பிய பதில்.

அந்தப் பன்னிரண்டாவது குளிர்காலத்தில் எங்களுக்கு உள்ளரங்கம் இல்லை. மைதானத்தை ஒட்டியிருந்த விளையாட்டு மண்டபத்தில், புதிதாக வந்திறங்கிய அகதிக் குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள், நடுவில் துணித் தடுப்புகள். சில பெற்றோர் முணுமுணுத்தார்கள். நான் அதில் சேரவில்லை. ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கிய பிறகு எனக்குக் கிடைத்த முதல் கட்டிலும் இப்படியொரு மண்டபத்தில்தான் இருந்தது. ஆக, பயிற்சி முழுவதும் வெளியில் என்று முடிவானது.

நான் பார்த்துக்கொண்ட நடுத்தூரக் குழுவில் ஒன்பது பேர். எட்டுப் பேர் என்னைப் பெயர் சொல்லி, ஒருமையில் அழைத்தார்கள். இந்த நாட்டுக் கழகங்களில் அதுதான் வழக்கம், அதில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. ஒன்பதாவது ஆள் சிந்துஜா. பதினாறு வயது, எண்ணூறு மீற்றர் ஓடுபவள். நொய்கெல்னில் எங்கள் வீட்டில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற குடும்பம். தகப்பன் பேருந்து ஓட்டுநர், தாய் அலுவலகங்களில் துப்புரவு வேலை. அவள் மட்டும் என்னை அங்கிள் என்றாள். மற்றவர்களுடன் ஜேர்மன், அவளுடன் தமிழ். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்டுவிட்டு ஓட வந்துகொண்டிருந்தாள். தகப்பன் அதற்கு ஒரு கெடு வைத்திருந்தார். மார்ச்சில் மாநில இளையோர் அணிக்குத் தேர்வோட்டம் இருந்தது. “மார்ச் வரைக்கும்தான் அண்ணை,” என்று நவம்பரிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். “எடுபட்டால் ஓடட்டும். இல்லாட்டிச் சனிக்கிழமை பள்ளிக்கூடம். ரெண்டும் கெட்டானா நிக்க ஏலாது.” நியாயமான பேச்சு. ஆனால் அவளுக்கு ஓட்டம் என்றால் என்ன என்று நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் தணிந்த குரலில் பேசுகிற பிள்ளை, கடைசி இருநூறு மீற்றரில் யாருக்கும் வழிவிடமாட்டாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. கொப்பியில் இருப்பது: பூச்சியத்துக்குக் கீழே எட்டு, வடகிழக்குக் காற்று. முதல் நாள் பகலில் இளகிய பனி இரவில் இறுகியிருந்தது. மைதானப் பராமரிப்பாளர் உள்பக்கம் இரண்டு பாதைகளைத் தள்ளித் துப்புரவாக்கித் தந்திருந்தார். இரண்டாவது வளைவில் மட்டும் கண்ணாடி போல் ஐஸ். சிறுகல் போடலாம், ஆனால் ஓடுகிறவர்களின் முள்சப்பாத்துக்கு ஆகாது; உப்பு போடக் கூடாது, பாதை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவர் போனதும் நான் காரைத் திறந்தேன். பின்பக்கத்தில் தமிழ்க்கடையில் வாங்கிய கல்லுப்பு இரண்டு பை கிடந்தது. தேசிக்காய் ஊறுகாய் போட மனைவி சொல்லிவிட்டது. வளைவில் நாற்பது மீற்றருக்கு, நெல் விதைக்கிறவன் போல, கையால் வீசினேன். அரை மணி நேரத்தில் ஐஸ் இளகிக் கூழானது. தரை என்ற நிரலில் ‘நன்று’ என்று எழுதினேன். உப்புத் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாது என்பது எனக்குத் தெரியும். பகலில் நான் சமையலறையில் வேலை செய்கிறவன். ஆனால் உறையாத அந்தத் தண்ணீர் சப்பாத்துக்குள் போனால் ஐஸை மிதிப்பதைவிட மோசம் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. விழுந்து காலை முறிக்கக் கூடாது என்பது மட்டுமே மனதில் இருந்தது.

நானூறு மீற்றர், ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அந்தக் கூழுக்குள்ளால் ஓடவேண்டும். மூன்றாவது முடிந்தபோது சிந்துஜாவுக்குப் பக்கத்தில் ஓடிய பையன் நின்று, தன் கால் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, விடைபெறாமலே உடைமாற்றும் அறைப் பக்கம் நடந்தான். அவனுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் சிரித்துக்கொண்டு சிந்துஜாவிடம் சொன்னேன்:

“பார், இவர் வெய்யிலுக்குப் பிறந்த பிள்ளை. நாங்கள்தான் பனிக்குள்ள பிறந்தனாங்கள் போல.”

அவளும் சிரித்தாள்.

“ஏலும்தானே?” என்றேன்.

“ஓம் அங்கிள்.”

நான்காவது இரண்டு செக்கன் பிந்தியது. “இன்னும் ரெண்டுதான். ஏலும்தானே?” “ஓம் அங்கிள்.” ஐந்தாவது ஐந்து செக்கன் பிந்தியது. பாதம் உருண்டு எழும்பாமல் பலகை போல் தட்டையாக விழுவதையும் பார்த்தேன். பார்த்து, நேரத்தைப் பத்தில் ஒரு செக்கன் வரை சரியாக எழுதினேன். “கடைசி. ஏலும்தானே?” “ஓம்.” அந்தத் தடவை அங்கிள் இல்லை. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன்.

ஆறாவது முடிந்ததும் ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. இருநூறு மீற்றர் கோட்டில் நேரம் எடுத்துக்கொண்டிருந்த எங்கள் தலைமைப் பயிற்றுநர் புல்வெளிக்குக் குறுக்கால் வந்தார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை, எழுதினால் கோபிப்பார். என்னைவிடப் பதினான்கு வயது இளையவர், எனக்கு மேலதிகாரி. ஒன்றும் கேட்காமல் முழந்தாளிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். காலுறை நனைந்து, நுனி விறைத்திருந்தது. உள்ளே வலது காலில் மூன்று விரல், இடது காலில் இரண்டு, மெழுகுதிரி நிறத்தில் இருந்தன.

நான் ஒரு விரலை அழுத்தினேன். “தெரியுதோ?”

“இல்லை அங்கிள். நாலாவதுக்குப் பிறகு ஒண்டும் தெரியேல்லை.”

நான்காவதுக்குப் பிறகு இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் ஓம் என்றாள்.

பதற்றத்தில் கை என்ன செய்யும் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டும். என் கை அந்த விரல்களைத் தேய்க்கப் போனது. தலைமைப் பயிற்றுநர் மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினார். அடுத்து, உள்ளே கொண்டுபோய்ச் சூடாக்கியில் காலை வைப்போம் என்றேன். “சூடு தெரியாத காலைச் சூட்டில் வைத்தால் வெந்துபோகும்,” என்றார். அம்புலன்சுக்கு அழைத்துக்கொண்டே, பிள்ளையைத் தூக்கு என்று கண்ணால் காட்டினார். தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

எங்கள் உடைமாற்றும் அறைதான் அப்போது அந்தக் குடும்பங்களின் குளியலறை. உள்ளே ஒரு பெண், பிளாஸ்டிக் தொட்டியில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மொழி எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்குத் தெரியாது. சிந்துஜாவின் காலைப் பார்த்தார். குழந்தையைத் தூக்கித் துவாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் தொட்டியை எங்கள் பக்கம் தள்ளினார். பின்னால் வந்த தலைமைப் பயிற்றுநர் முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, இதுதான் வேண்டும் என்றார். நான் பழக்கதோஷத்தில் வெப்பமானியைப் போட்டேன். முப்பத்தேழு பாகை. பச்சைக் குழந்தைக்கு என்று ஒரு தாய் கையால் பார்த்துக் கலந்த சூடு. உறைந்த விரலுக்கும் அதைவிடச் சரியான சூடு இல்லை.

விரல் இளகத் தொடங்கியதும் சிந்துஜா அழுதாள். “நோகுது அங்கிள். சரியா நோகுது.” நோகட்டும், நோவது நல்லது என்று தலைமைப் பயிற்றுநர் ஜேர்மன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு குளிர்காலமாக என்னிடம் பயிற்சி எடுத்த பிள்ளை நோகுது என்று சொன்னதை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

திங்கட்கிழமை ஒரு கேக்குடன் மண்டபத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணின் குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். பக்கத்துக் கட்டில்காரரிடம் கேக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லவேண்டிய நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையே மருத்துவமனைக்குச் சிந்துஜாவின் தாய் வேலை மேலங்கியோடு வந்தார். நான் எழுந்து நின்றேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். உப்பையும் மறைக்கவில்லை.

“பிள்ளை ஒண்டும் சொல்லேல்லையோ அண்ணை?”

“நான் கேட்டனான் அக்கா. ஓம், ஏலும் எண்டுதான் சொன்னவ.”



“அவ உங்களுக்கு ஏலாது எண்டு சொல்லுவாவோ அண்ணை? பெரியாக்களுக்கு அப்பிடிச் சொல்லப்படாது எண்டெல்லோ நாங்கள் வளத்தனாங்கள்.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். அது எனக்கு ஏச்சைவிடக் கனமாக இருந்தது.

மருத்துவர் விரல்கள் தப்பும் என்றார். ஆறு வாரம் ஓடக் கூடாது. குளிர் அந்த விரல்களை இனி எப்போதும் முதலில் பிடிக்கும்.

மறுநாள் கழகத்துக்கு விபத்து அறிக்கை எழுதினேன். ஒன்றரைப் பக்கம், நிமிட வாரியாக. உப்பின் நிறை வரை எழுதியிருந்தேன். கடைசி வரி: ‘ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் விளையாட்டாளரிடம் விசாரிக்கப்பட்டது, அவர் முறையிடவில்லை.’ தலைமைப் பயிற்றுநர் வாசித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்.

“என்ன கேட்டாய்? சரியாக அதே சொற்களைச் சொல்லு.”

சொன்னேன். மொழிபெயர் என்றார். ‘ஏலும்’ இலகு, முடியும் என்பதுதான். ‘தானே’ வந்ததும் நின்றுவிட்டேன். அதற்கு இந்த மொழியில் என்ன சொல்வது என்று யோசித்து, கடைசியில், வாக்கியத்தின் முடிவில் இவர்கள் போடுகிற ‘இல்லையா’ போல ஒன்று, ஆனால் எதிரில் இருப்பவர் ஆம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்துப் போடுவது, என்றேன்.

“அப்படியென்றால் நீ கேட்கவில்லை,” என்றார். “உத்தரவு போட்டிருக்கிறாய். மரியாதையாகப் போட்டிருக்கிறாய், அவ்வளவுதான்.”

பேனையை எடுத்து அந்த வரியை நானே வெட்டினேன்.

வெட்டியபோது எனக்கு வந்த ஞாபகம், நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டு வேலை செய்த உணவகச் சமையலறை. தலைமைச் சமையல்காரர் எதைச் சொன்னாலும் முடிவில் “விளங்கியதுதானே?” என்ற தொனியில் ஒரு சொல் போடுவார். நான் எல்லாவற்றுக்கும் ‘யா’, அதாவது ஆம், என்பேன். விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. இல்லை என்றால் வேலை போய்விடும் என்ற பயம் பாதி, பெரியவரிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதது பாதி. ஒரு நாள் உறைந்த மீனை வெளியில் எடுத்து வை என்றார். யா என்று சொல்லிவிட்டு, வெளியில் இருந்த மீனையும் சேர்த்து உறைபெட்டிக்குள் வைத்தேன். அன்று மதியம் அறுபது பேருக்கு விருந்து. மனிதர் சத்தம் போடவில்லை. அன்றிலிருந்து விளங்கியதா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். “இப்போது என்ன செய்யப்போகிறாய்?” என்று கேட்பார். நான் தட்டுத்தடுமாறிச் சொல்லவேண்டும். அப்படித்தான் எனக்கு ஜேர்மன் மொழி வந்தது.

பயத்திலும் மரியாதையிலும் தலையாட்டுகிற ஆள் எப்படி இருப்பான் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? நானே அந்த ஆளாக இருந்தவன். கையில் நிறுத்தற்கடிகாரம் வந்ததும் மறந்துவிட்டேன்.

பராமரிப்பாளரிடமும் போய் உப்பு விஷயத்தைச் சொன்னேன். அவர் மேசை இலாச்சியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வெறும் பை ஒன்றை எடுத்தார். “வளைவில் கிடந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. இந்த மைதானத்தில் அதை வாசிக்கக்கூடிய பெரிய ஆள் நீ ஒருவன்தான். நீயாக வருவாய் என்று காத்திருந்தேன்,” என்றார். அந்த வளைவைக் கழுவ இருவருமாக அரை நாள் எடுத்தோம்.

சிந்துஜாவின் வீட்டுக்குப் போவதுதான் கடினமாக இருந்தது. தகப்பன் தேத்தண்ணி தரச் சொன்னார், ஆனால் முகம் இறுகியிருந்தது.

“ஓட்டம் காணும் அண்ணை, நிப்பாட்டுவம்,” என்றார். “விரல் இருக்கிறதே பெரிய விஷயம்.”

நான் வாதாடவில்லை. என் பிழை இது, இது, இது என்று சொன்னேன். கடைசியில், “மார்ச் எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். அதுவரைக்கும் பொறுங்கோ. அந்த நாள் நீங்களும் வந்து நில்லுங்கோ. பாத்திட்டு முடிவெடுங்கோ,” என்றேன். அவர் அறை வாசலில் கட்டுப்போட்ட காலோடு நின்ற சிந்துஜாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “சரி, பாப்பம்,” என்றார்.

பெப்ரவரிக் கடைசியில் அவள் திரும்பி வந்தாள். முதல் நாளே அவளை ஓரமாகக் கூப்பிட்டேன். இரவெல்லாம் யோசித்து நான் கண்டுபிடித்திருந்த வழி எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

“இஞ்ச பார், மைதானத்துக்குள்ள நான் அங்கிள் இல்லை. மற்றப் பிள்ளையள் மாதிரி நீயும் என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடு. அப்பதான் ஏலாட்டி ஏலாது எண்டு சொல்ல வரும்.”

அவள் திகைத்துப் பார்த்தாள். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

“அது ஏலாது அங்கிள்.”

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். அன்றைய பக்கத்தில், ஆறாவது நிரலில், அந்த மூன்று சொற்களையும் மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கிறேன். பார்க்கலாம். அவள் என்னிடம் சொன்ன முதல் ‘ஏலாது’.

அவளுக்கு அங்கிள் என்ற சொல்லை விட முடியாது. அப்படியென்றால் நான்தான் என் கேள்வியை விடவேண்டும். ஓம் என்று பதில் சொல்ல முடியாத கேள்வியாக அது இருக்கவேண்டும். சமையல்காரரை நினைத்துக்கொண்டேன். அன்றைய முதலாவது ஓட்டத்துக்கு முன் கேட்டேன்:

“எத்தனை விரல் தெரியுது?”

அவள் குனிந்து பார்த்தாள், சப்பாத்துக்குள் விரல்களை அசைத்துப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். “பத்து.”

மற்ற எட்டுப் பேரிடமும் அதையே ஜேர்மன் மொழியில் கேட்டேன். கேலி செய்தார்கள். ஒருவன் பதினொன்று என்றான். ஆனால் இரண்டு வாரத்தில் நான் கேட்காமலே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எண் சொல்வதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை, கோழைத்தனமும் இல்லை. எட்டு என்றால் எட்டு. உள்ளே போய்க் காலைச் சூடாக்கிவிட்டு வரலாம். ஆறாவது நிரலில் ‘சரி’, ‘சரி’ என்று எழுதிக்கொண்டிருந்த நான் அன்றிலிருந்து எண்களை எழுதுகிறேன்.

தேர்வோட்ட நாள் பூச்சியத்துக்கு மேலே ஒரு பாகை. ஆனால் காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஓட்டம் நாற்பது நிமிடம் பிந்தியது. தகப்பன் வேலைக்கு விடுப்பு எடுத்து வந்து, பேருந்துக்காரரின் நீல மேலங்கியோடு வேலி ஓரத்தில் நின்றார். தாய் சுடுதண்ணிப் போத்தலோடு நின்றார். சிந்துஜா உடம்பைச் சூடாக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

தேர்வாளர்கள் மேசையில் இருந்தார்கள். தகப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஓட்டம் இல்லையென்றால் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி. என் நாக்கில் ‘ஏலும்தானே’ வந்து நின்றது. உண்மையாகவே வந்து நின்றது, இத்தனைக்குப் பிறகும்.

“எத்தனை விரல்?” என்றேன்.

அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஏழு.”

“வடிவாப் பார்.”

“பாத்திட்டன் அங்கிள். ஏழுதான்.”

மேசைக்குப் போய் அவளுடைய எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். திரும்பி வேலிக்கு நடந்த ஐம்பது மீற்றர்தான் என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான ஐம்பது மீற்றர். ஏழு விரல்தான் தெரியுதாம், நிப்பாட்டிவிட்டேன் என்று தகப்பனிடம் சொன்னேன். அவர் என்னைத் தாண்டி மகளிடம் கேட்டார்:

“நீயாச் சொன்னதோ, அங்கிள் சொல்ல வைச்சவரோ?”

“நானாத்தான் அப்பா.”

“ஓட விருப்பம் இல்லையோ?”

“விருப்பம்தான்.” குரல் உடைந்தது. “ஆனா ஏழுதான் தெரியுது.”

அவர் கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டார். மைதானத்தில் எண்ணூறு மீற்றருக்கு மற்றப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அந்த ஓட்டம் முடியும் வரை நாங்கள் நால்வரும் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

“அடுத்த சனி எத்தனை மணிக்கு அண்ணை?” என்றார் தகப்பன்.

எனக்கு விளங்கவில்லை.

“பயிற்சி. எத்தனை மணிக்கு?” சொல்லிவிட்டு மகளின் தோளில் கை வைத்தார். “இண்டைக்கு ஓடியிருந்தா நான் இனி விட்டிருக்கமாட்டன். தமிழை ஞாயிற்றுக்கிழமை நானே படிப்பிக்கிறன். அது காணும்.”

அவள் அடுத்த ஆண்டு அணிக்கு எடுபட்டாள். அது வேறு கதை. பெரிய கதையும் இல்லை. மூன்று ஆண்டு ஓடினாள், பிறகு படித்தாள், பிறகு உங்களுக்கு முன்னரே உரிமம் எடுத்து எங்கள் கழகத்துக்குப் பயிற்றுநராகத் திரும்பி வந்தாள். உங்களுக்குத் தெரிந்த சிந்துஜா அக்கா அவள்தான். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் எப்படிப் போனது என்று நீங்கள் அவளிடமே கேளுங்கள். தகப்பனுக்கு எழுத்துப் பிழை அதிகம் என்று குறை சொல்வாள்.

நான் ஏன் இந்த டிசம்பரோடு நிறுத்தினேன் என்று நீங்கள் கேட்டீர்கள். முழங்கால் என்று சொன்னேன். அது உண்மை இல்லை. இந்தப் பக்கத்தில் உண்மையை எழுதிவிடுகிறேன்.

அன்று பூச்சியத்துக்குக் கீழே ஐந்து. நானும் சிந்துஜாவும் சேர்ந்து குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஓட்டத்துக்கு முன் அவள் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். பத்து, பத்து, ஒன்பது, பத்து. வரிசையின் முடிவில் நான் நின்றேன். விளையாட்டாக என்னையும் கேட்டாள்.

“அங்கிள், எத்தனை விரல்?”

பத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். பயிற்றுநர் என்றால் பத்துத்தானே. பிறகு சப்பாத்துக்குள் தேடிப் பார்த்தேன்.

“ஆறு.”

அவள் சிரிப்பு நின்றது. “குளிரிலையோ?”

“இல்லை. ஓகஸ்டில இருந்து.”

“வெய்யிலுக்கையும் ஆறோ?”

“ஓம்.”

எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருப்பது அவளுக்குத் தெரியும். விரல்களில் உணர்வு போய்க்கொண்டிருப்பது மனைவிக்கும் தெரியாது. நவம்பரிலிருந்து, இருபத்திரண்டு குளிர்காலத்தின் ஒழுங்கோடு, மற்ற எல்லாருடைய விரலையும் எண்ணி எழுதிக்கொண்டு வந்தேன். என்னுடையதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சிந்துஜா கையை நீட்டினாள். “வோட்சைத் தாங்கோ. உள்ள போய்ச் சப்பாத்தைக் கழட்டுங்கோ. திங்கட்கிழமை டொக்டரிட்ட நேரம் எடுப்பம், நானும் வாறன்.”

“இன்னும் ரெண்டு ஓட்டம்தான் கிடக்கு, பிள்ளை. முடிச்சிட்டுப் போறன்.”

“ஏலாது அங்கிள்.”

நிறுத்தற்கடிகாரத்தை அவள் கையில் வைத்தேன். இடது பெருவிரலில் எனக்குத் தெரியாமலே ஒரு புண் இருந்தது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்கள் என்று மருத்துவர் சொன்னார். இப்போது ஆறிவிட்டது.

உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தேன். ஒன்பது பெயர்களுக்குக் கீழே பத்தாவதாக என் பெயரை எழுதி, ஆறாவது நிரலில் ‘ஆறு’ என்று எழுதினேன். இருபத்திரண்டாவது கொப்பியின் கடைசி வரி அதுதான். அதை நீங்கள் நம்பலாம்.